நாலாவது எழுத்து

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. எதைச் சொன்னாலும், காகிதத்தில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பிள்ளை பிறந்தால் காகிதம், செத்தால் காகிதம், வீட்டுச் சுவரில் நம்பர், தெரு முனையில் பலகை. கண்ணெதிரே நிற்கிற மனுஷன் வாயால் சொன்னால் ஏறாது. முன்பின் தெரியாத எவனோ எழுதி வைத்துவிட்டுப் போனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். ராஜபாளையம் குருசாமிக் கொத்தனாருக்கு இதில் இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. எழுத்து என்பது படித்தவன் படிக்காதவன் கண்ணில் தூவுகிற சுண்ணாம்புப் பொடி என்பது அவருடைய கட்சி.

அதற்குக் காரணமும் இருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிற ஆள் ஒருவன், "உம்ம மச்சினனுக்குச் சாதகமாத்தான் எழுதியிருக்கு" என்று சொல்லி அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினான். மச்சினன் தங்கச்சாமி சோழபுரத்துக்காரன். அவனுடைய தோட்டத்து எல்லைச் சுவரைக் கட்டியவர் குருசாமி. சுவர் எந்த இடத்தில் நின்றது என்பதுதான் வழக்கு. காகிதத்தில் சுவர் ஆறடி உள்ளே தள்ளி நின்றது. கீழே இருந்த ரேகை குருசாமியுடையது. அன்றைக்குப் போன தங்கச்சாமி அதற்கப்புறம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. குருசாமியின் பெண்டாட்டி அய்யம்மாள் பிறந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அதைச் சொல்லிக்காட்டாமல் அவள் விட்ட வெள்ளிக்கிழமை கிடையாது.

அப்படிப்பட்ட மனுஷன் மறுபடியும் எழுத்தை நம்பினார் என்றால், அதற்கு வேதசிரோமணி வாத்தியார் ஒருத்தர்தான் காரணம்.

கொத்தன் சவுக்கம் என்று சொன்னால் ராஜபாளையத்தில் குதிரைவண்டிக்காரன் மறுகேள்வி கேட்கமாட்டான். பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு வீடு, எல்லா வாசலும் நடுவைப் பார்த்து. நடுவே சதுரமாக வெட்டவெளி. வெட்டவெளிக்கு நடுவில் கிணறு. உள்ளே நுழைய ஒரே வழி, கிழக்கே இரண்டு கல்தூணுக்கு ஊடே. தாது வருஷத்துப் பஞ்சத்தில் கூமாப்பட்டியிலிருந்து பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்த சங்கையா என்கிற கொத்தன்தான் இத்தனையையும் கட்டியவர். முதலில் கிணற்றைக் கட்டினார். கிணற்றடியில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு, ஆறு வருஷம் அங்கேயே கிடந்து, ஒவ்வொரு வீடாக எழுப்பினார். முதல் வீட்டில் பால் காய்ச்சவே இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் அந்த வெளியில் விளக்கு எரிந்தது அந்த ஒரு குடிசையில்தான். வழி கேட்டவர்களுக்கு, கொத்தன் இருக்கிற சவுக்கம் என்று கைகாட்டிச் சொன்னார்கள். சொல்லிச் சொல்லிக் கொத்தன் சவுக்கம் ஆயிற்று.

குருசாமி பிறந்ததும் அந்தக் குடிசையில்தான், விஷு வருஷத்தில். இப்போது நடப்பதும் விஷு. அறுபது வருஷத்து ஒரு சுற்றுப் போய் மறு விஷு வந்துவிட்டது. வீடுகள் முடிந்து பெரிய மனுஷர்கள் குடி வந்ததும் குடிசையைப் பிரிக்கச் சொன்னார்கள். சங்கையா ஓலையையும் கம்பையும் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் இருக்கிற சந்துக்குப் போனார். குருசாமி இன்றைக்கும் அதே சந்தில்தான் இருக்கிறார். பேர் மட்டும் சவுக்கத்தில் தங்கிவிட்டது. அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து என்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

வேதசிரோமணி திருநெல்வேலிச் சீமைக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்ந்து, ஒன்பது வருஷமாகச் சவுக்கத்தில் தென்வரிசை முதல் வீட்டில் குடியிருந்தார். வீடு பஞ்சு வியாபாரி சுப்புராஜுடையது. சாயங்காலம் வெயில் தணிந்ததும் வாத்தியார் கிணற்றுச் சுவரில் வந்து உட்காருவார். குருசாமியும் வெற்றிலைப் பொட்டலத்தோடு வந்து சேருவார். வாத்தியார் கிறிஸ்தவ வேதத்தில் உள்ள கதை சொல்வார். குருசாமி நம்பமாட்டார். "கடலு ரெண்டாப் பொளந்துச்சா? எந்தக் கொத்தன் அணைச்சுக் கட்டினான்?" என்பார். வாத்தியார் கோபித்துக்கொண்டதில்லை. அதனாலேயே குருசாமிக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

ஊரை முனிசிபாலிட்டி ஆக்கிய புதிது. சித்திரை கழிந்த ஒரு சாயங்காலம் வாத்தியார் பேச்சை ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நம்ம சவுக்கத்துக்குப் பேர்க்கல்லு ஒண்ணு வைக்கணும்னு சுப்புராஜ் மொதலாளி சொல்லுதாவ. கூடவே ஒரு சின்னப் புஸ்தகம். சவுக்கம் எப்பம் வந்துச்சு, யாரு யாரு பெரிய ஆளுங்க இருந்தாவ, எல்லாம். எழுதுத பொறுப்பு எங்கிட்ட. ஆனா வெவரம் தெரிஞ்சது நீங்க ஒருத்தருதான்."

"காகிதமா? ஆள விடுங்க வாத்தியாரய்யா."

"எழுதினத உங்களுக்கு வாசிச்சுக் காட்டுதேன்."

"கோர்ட்டு வாசல்லயும் அதத்தான் சொன்னான்."

வாத்தியார் கிணற்றுச் சுவரில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்.

"சரி, அப்பம் நீங்களே வாசிச்சுப் பாத்துக்கிடுங்க. எல்லா எழுத்தும் வேண்டாம். கல்லுல வரப்போற சொல்லு ஒண்ணு போதும். கொத்தன். நாலே எழுத்து. நான் சொல்லித் தாரேன். கல்லு வந்ததும் நீங்க பாத்து, சரின்னு சொன்னாத்தான் நடணும். நடப்போறதும் நீங்கதான்."

குருசாமி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். இத்தனை வருஷத்தில், படித்தவன் ஒருவன் எழுத்தை அவர் கையில் கொடுத்து நீயே பார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"கல்லுல எங்க அப்பாரு வருவாரா?"

"வராம? கொத்தன் சவுக்கம்னா பொறவு யாராம்?"

மறுநாளிலிருந்து சவுக்கத்துக் கதையை அவர் சொல்லச் சொல்ல வாத்தியார் நோட்டில் எழுதிக்கொண்டார். வடவரிசையில் சுப்புராஜின் தகப்பனார் முதல் மோட்டார் வாங்கிய கதை. அந்த மோட்டார் தூண்களுக்கு ஊடே நுழையாமல் ஒரு வாரம் வெளியே நின்றதும், குருசாமி ஒரு தூணைப் பெயர்த்து ஒரு முழம் தள்ளி நட்டதும். பிறகு மேல்வரிசை வக்கீல் சத்தியநேசன்.

"வக்கீல் எப்படிப்பட்டவிய அண்ணாச்சி?"

"கருப்புக் கோட்டு நல்லாருக்கும்."

"வழக்கு?"

"அதக் கேக்காதீங்க. தெனமும் குதிரைவண்டியில ஸ்ரீவில்லிபுத்தூர் போவாரு, வருவாரு. போனவருக்குக் களைப்பு, அவர நம்பி வந்தவனுக்கு செயிலு."

வாத்தியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலரா வந்த வருஷத்தையும் சொன்னார். கீழ்வரிசைக் கம்பவுண்டர் இருதயம் கிணற்றில் மருந்தை ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மருந்து பிடிக்கிறவரைக்கும் எவரும் தண்ணீர் இறைத்துவிடாமல், மடியில் அரிவாளை வைத்துக்கொண்டு மூன்று நாள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தது சுடலையம்மாள். வக்கீல் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். "சவுக்கத்துல ஒரு உசுரு போகல. இதயும் எழுதுங்க" என்றார். வாத்தியார் எழுதினார். எழுதினார் என்றுதான் குருசாமி நினைத்தார். அந்தக் கை ஓடியதை அவர் பார்த்தார்.

கதை முடிந்ததும் எழுத்து. வாத்தியார் ஈரச் சுண்ணாம்பைத் தொட்டுக் கிணற்றுச் சுவரில் எழுதுவார். முதல் எழுத்து கொ. "முன்னால ஒரு கொம்பு, நடுவுல க, பின்னால ஒரு காலு. மூணும் சேந்து ஒரு எழுத்து." குருசாமிக்கு அது நாலு நாள் பிடித்தது. அப்புறம் புள்ளி வைத்த த். அப்புறம் புள்ளி வைக்காத த. சந்தில் அய்யம்மாள் வாய் சும்மா இருக்குமா?

"இந்தாரும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. மூக்கத் தொடச்சுவிடவா?"

"ஏட்டி, நீ சிரி. கோர்ட்டு வாசல்ல எனக்கு இந்த மூணு எழுத்து தெரிஞ்சிருந்தா ஒம் தம்பி இன்னைக்கு ஒன் வீட்டுல சாப்புட்டுக்கிட்டு இருப்பான்."

அய்யம்மாள் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. நடைச்சுவரில் அவர் கரியால் எழுதிவைத்திருந்த கொத்த என்கிற மூன்று எழுத்தையும், வெள்ளை அடிக்கும்போதுகூட அழிக்காமல் சுற்றி அடித்தாள்.

நாலாவது எழுத்து திங்கட்கிழமை என்று வாத்தியார் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை குருசாமி சுண்ணாம்புக் கிண்ணத்தோடு வந்து காத்திருந்தார். வாத்தியார் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தார், குடையும் பையுமாக.

"கல்தச்சனுக்கு எழுதிக் குடுக்கணும், புஸ்தகம் அச்சுக்குப் போகணும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அலையுதேன் அண்ணாச்சி. மிச்சத்தப் பொறவு பாப்போம். மூணு தெரிஞ்சாச்சுல்லா, நாலாவது எங்க போயிரும்?"

"அதுஞ் சரிதான். மூணு கல்லு நேரா நின்னா நாலாவது தானா நிக்கும்" என்றார் குருசாமி.

கல் ஆவணி மாசம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாட்டுவண்டியில், சாக்குச் சுற்றி, வைக்கோல் மெத்தைமேல். மறுநாள் திறப்பு. வலப்பக்கத்துத் தூணில் குருசாமி ஏற்கெனவே பள்ளம் எடுத்து வைத்திருந்தார். காரைக்கு ஒரு மாசமாகச் சுண்ணாம்பைப் புளிக்க வைத்திருந்தார். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அய்யம்மாளே குழைத்துக் கொடுத்தாள். வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இது அவருடைய அப்பாவுக்குச் செய்கிற வேலை.

சாக்கைப் பிரித்ததும் அவர் முதலில் கல்லைத் துடைத்தார். பிறகு ஆள்காட்டி விரலை வைத்தார். முன்னால் கொம்பு. நடுவில் க. பின்னால் கால். கொ. அடுத்தது புள்ளியோடு த். அடுத்தது த. கண்ணால் பார்த்ததைவிட விரலால் தொட்டது நிஜமாக இருந்தது.

"ஏட்டி, இங்க வா. இந்தா, இவருதான் ஒன் மாமனாரு."

அய்யம்மாள் காரைக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

குருசாமியின் விரல் அடுத்த எழுத்துக்குப் போயிற்று. சுழித்து, வளைந்து, இறங்கி நின்றது.

"இது என்ன எழுத்து வாத்தியாரய்யா?"

வாத்தியார் பக்கத்தில்தான் நின்றார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அதான் அண்ணாச்சி, நாலாவது. காரை இறுகிரும், சீக்கிரம் தூக்கி வைங்க."

வைத்தார். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். மயிரிழை சாயவில்லை. சுற்றிப் பூசி, கரண்டியின் முதுகால் இழைத்து, வாழைமட்டையால் மெருகு ஏற்றினார். "இத இனி பேத்தெடுக்கணும்னா தூணையே ஒடைக்கணும்" என்றார். வாத்தியார் கல்லை ஒரு பச்சைத் துணியால் மூடினார். நாளைக்கு மொதலாளி திறக்கிறவரைக்கும் யாரும் பார்க்கக் கூடாது என்றார்.

மறுநாள் காலையில் சவுக்கத்துக்குள் பெஞ்சும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். சுப்புராஜ் பட்டுக்கரை அங்கவஸ்திரத்தோடு வந்தார். அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்த வீட்டிலிருந்தும் நாலு பேர் வந்திருந்தார்கள். வக்கீல் சத்தியநேசன் அந்த வெயிலிலும் கருப்புக் கோட்டோடு. சுடலையம்மாள் தூணுக்கு வெளியே நின்றாள். குருசாமி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கிணற்றுச் சுவரோரம், தான் பிறந்த இடம் இதுதான் என்று காலால் அடையாளம் வைத்துக்கொண்டு நின்றார்.

சுப்புராஜ் துணியை இழுத்தார். கை தட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் குருசாமி.

வாத்தியார் எழுந்து புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்.

"இவ்வூர் பாளையமாக இருந்த பூர்வ காலத்தில், கோட்டையின் வடகீழ்க் கொத்தளம் இவ்விடத்தில் கம்பீரமாக நின்றபடியால், இது கொத்தளச் சவுக்கம் என்று பெயர் பெற்றது."

குருசாமிக்குச் சந்தேகம் வரவில்லை. வாத்தியாருக்கு முன்பல் இரண்டு இல்லை. 'ன்' சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். கோட்டை என்றாரே, அது என்னவோ படித்தவர்கள் போடுகிற அலங்காரம். அப்பா பேர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சுப்புராஜின் தகப்பனார் வந்தார், மோட்டாரோடு. அந்த மோட்டாருக்குத் தூண்கள் தாமே விலகிக்கொண்டது போல வாசித்தார். வக்கீல், நீதிமன்றத்தில் நிகரற்றவராக வந்தார். காலரா வந்தது. தம் உயிரைப் பொருட்படுத்தாமல் மூன்று நாள் கிணற்றைக் காத்தவராகக் கம்பவுண்டர் இருதயம் வந்தார். இருதயமே தலையைக் குனிந்துகொண்டார். வெளியே நின்ற சுடலையம்மாள், "அட, நானுல்லா அது!" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

புத்தகம் முடிந்துவிட்டது. சங்கையா வரவில்லை.

"ரண்டி, ரண்டி, குருசாமி!" என்று சுப்புராஜ் தெலுங்கில் கூப்பிட்டார். கையில் வேட்டியும் துண்டும். வாத்தியார் குரலை உயர்த்தி, "பேர்க்கல்லைச் செம்மையாகப் பதித்த கொத்தனார் குருசாமிக்கு மரியாதை" என்றார்.

வேட்டி தோளில் விழுந்ததும்தான் குருசாமிக்கு விஷயம் உறைத்தது. வீடு கட்டி முடிந்து பால் காய்ச்சுகிற அன்றைக்குக் கொத்தனுக்கு வேட்டி துண்டு போர்த்துவது வழக்கம். அது மரியாதைதான். ஆனால் கொத்தன் எல்லாருக்கும் அதன் இன்னொரு அர்த்தமும் தெரியும். வேலை முடிந்தது, கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அப்பாவுக்கு இதே சவுக்கத்தில் பன்னிரண்டு வேட்டி போர்த்தினார்கள். பன்னிரண்டாவது வேட்டி விழுந்த மறுநாள் குடிசையைப் பிரிக்கச் சொன்னார்கள்.

அவர் நேரே தூணுக்கு நடந்தார். பெஞ்சு வரிசையில் ஓரமாக இருந்த கம்பவுண்டரைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

"கம்பவுண்டரய்யா, இத வாசிங்க. ஒவ்வொரு எழுத்தா வாசிங்க."

"எதுக்கு குருசாமி, இப்பத்தான..."

"வாசிங்க."

"கொ... த்... த... ள..."

"நிறுத்துங்க. என்ன சொன்னீங்க?"

"ள."

"ன் இல்லையா?"

"இல்லையே. கொத்தளச் சவுக்கம்."

"கொத்தளம்னா என்ன?"

"கோட்டைச் சுவத்துல பீரங்கி வைக்கிறதுக்குக் கட்டியிருக்க மேடை."

குருசாமி அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். சுழித்து, வளைந்து, இறங்கி. நேற்று இந்த விரலுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை அந்த ஆள் வராமல் போனது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

கூட்டம் காப்பிக்குப் போயிருந்தது. வாத்தியார் கிணற்றடியில் புத்தகக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குருசாமி எதிரே வந்து நின்றார்.

"இங்கன ஏது கோட்டை?"

"அண்ணாச்சி, உக்காருங்க, சொல்லுதேன்."

"இந்தச் சவுக்கத்தச் சுத்தி அம்புட்டு வீட்டுக்கும் அஸ்திவார வானம் தோண்டுனது எங்க அப்பன். ரிப்பேருக்குத் தோண்டுனது நான். ஆளு மட்டத்துக்குத் தோண்டியிருக்கோம். கரிசலும் சுக்காம் பாறையும்தான் கெடந்துச்சு. பீரங்கி வச்சிருந்த மேடை எங்க போச்சு? நீரு முழுங்கிட்டீரா?"

ஒன்பது வருஷத்தில் குருசாமி அவரை 'நீரு' என்று சொன்னதில்லை. வாத்தியார் முகம் அதற்குத்தான் முதலில் வாடியது.

"மெதுவாப் பேசுங்க, சம்பந்தி வீட்டு ஆளுங்க இருக்காவ. கலியாணப் பத்திரிகையில அட்ரஸ் கொத்தன் சவுக்கம்னு போட மொதலாளிக்குச் சங்கடம். 'கொத்தனாருங்க குடியிருக்க எடமா'ன்னு அங்க கேட்டிருக்காவ. ஒரு எழுத்துதானே, மாத்திருவோம்னாரு. நான் குடியிருக்கது அவரு வீடு அண்ணாச்சி."

"ஒரு எழுத்துதான். அதத்தான் திங்கக்கெழம சொல்லித் தாரேன்னீரு."

வாத்தியார் புத்தகக் கட்டின் கயிற்றைச் சுருட்டினார்.

"எனக்கு எந்த எழுத்து வரைக்கும் தெரியும்னு இந்த ஊருல ஒமக்குத்தான் தெரியும். கோர்ட்டு வாசல்காரனுக்குக்கூட அது தெரியாது. அவன் பாட்டுக்கு முழுசாப் பொய் எழுதுனான். நீரு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நெசத்த எழுதி, தெரியாத எடத்துல பொய்ய வச்சீரு."

"உங்க அப்பாவ விட்டிரல அண்ணாச்சி. நாலாம் பக்கம் பாருங்க, கிணறு கட்டினத எழுதியிருக்கேன்."

"அங்கன அவரு பேரு இருக்கா?"

"பேரு... 'கைதேர்ந்த தொழிலாளி ஒருவர்'ன்னு."

"ஒருவரு."

"குடியிருந்தவங்க பேரு மட்டுந்தான் போடணும்னு ஏற்பாடு. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"ஆறு வருஷம் இந்த மண்ணுல ஒலை வச்சுப் பொங்கித் தின்னாரு. இந்தச் சவுக்கத்துல மொதமொதல்ல குடியிருந்த ஆளே அவருதான். நான் பொறந்த எடத்துலதான் நீரு புஸ்தகக் கட்டப் போட்டு வச்சிருக்கீரு." குருசாமி குனிந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். "ஒம்ம பேரு இதுல இருக்கா?"

வாத்தியார் கிணற்றுக்குள் பார்த்தார்.

"இருக்கு."

"எத்தனாம் பக்கம்?"

"ரெண்டு."

"நல்லது."

குருசாமி புத்தகத்தை அது இருந்த இடத்திலேயே வைத்தார். தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அய்யம்மாள், கடப்பாரை இருந்த இடத்தைக் கண்ணால் காட்டினாள். காரை வைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இன்றைக்கு நெம்பினால் வந்துவிடும். நாளைக்கு ஆகாது. குருசாமி தூணைப் பார்த்தார். தானே பூசி, தானே இழைத்த பூச்சு. அதில் வெயில் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னியது. அறுபது வயசில் அதைவிட ஒழுங்கான வேலை அவர் கையிலிருந்து வந்ததில்லை. கடப்பாரையை அவர் எடுக்கவில்லை. தான் நட்டதைத் தானே பெயர்ப்பதற்கு அவர் கை வளையாது. அதுவும் வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்புத்தான் அவருக்கு ரொம்பக் கசந்தது.

தோளில் கிடந்த வேட்டியையும் துண்டையும் எடுத்து, மடிப்புக் கலையாமல் கிணற்றுச் சுவர்மேல் வைத்தார்.

"இத அந்தக் கொத்தளத்தக் கட்டுனவன் வந்தா அவனுக்குக் குடும்."

"அண்ணாச்சி, நான் சொல்லுதத ஒரு நிமிஷம் கேளுங்க." வாத்தியாரும் எழுந்து கூடவே வந்தார். குரல் கெஞ்சியது. "கல்லு என்னத்தச் செய்யும்? சனங்க வாயில கொத்தன் சவுக்கம்தான். நாளைக்கும் வண்டிக்காரன் அப்படித்தான் சொல்லுவான். நம்ம பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும். எழுதினது அழியும், சொன்னது நிக்கும். நீங்களே எத்தன தடவ எங்கிட்டச் சொல்லியிருக்கீய!"

குருசாமி தூண்களுக்கு நடுவில் நின்றார். கையை நீட்டி, கல்லைச் சுற்றியிருந்த பூச்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இறுக ஆரம்பித்திருந்தது.

"நான் பூசுன பூச்சு எம்புட்டு வருஷம் நிக்கும்னு எனக்குத் தெரியும். சனங்க வாயி எம்புட்டு வருஷம் நிக்கும்னு ஒமக்குத் தெரியுமா?"

வாத்தியார் என்னவோ சொன்னார். சத்தியமாக என்றார், ஆண்டவர் சாட்சி என்றார், கலியாணம் முடியட்டும், அடுத்த அச்சில் பேரைப் போட்டுவிடலாம் என்றார். குருசாமி கரண்டியையும் தூக்குக்குண்டையும் அய்யம்மாள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சந்துப் பக்கம் நடந்தார். பின்னால் இன்னும் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு சொல்லும் அவருக்கு ஏறவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.